பேரல் வெட்டிய அக்கா

அக்கா முன்னால் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கள் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்த ஒருவர், ஒரே மூச்சில் நாலு இளநீர் குடிப்பேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா நாலு இளநீரோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவதைக் குடிக்கும்போது அவருக்கு முழி பிதுங்கியது. அக்கா சிரிக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. "ரெண்டே முக்கால்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தானே குடித்தார். அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கம்பெனியில் 'ரெண்டே முக்கால்' என்றே பேர் விழுந்துவிட்டது.

"வா, வச்சுப் பாத்துடலாம்." இதுதான் அக்காவின் வாக்கியம். சண்டைக்குக் கூப்பிடும் தொனியில் சொல்லமாட்டார். காய்கறி வாங்கத் துணைக்கு வரச் சொல்லுவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டதும் எங்களில் பாதிப்பேர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். மகள் வகுப்பில் முதல் மாணவி, மாமியார் தங்கமானவர், தலைவலிக்கு இந்தத் தைலம்தான் மருந்து, இப்படி எதையும் அக்கா காதில் விழாமல்தான் பேசுவோம். அவரைக் கண்டால் எனக்கு ஆசையும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் உதறலும் இருந்தது.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அக்கா வீடு எனக்கு எதிர்வீடு. காலையில் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். அவருக்குத் தோல் வெட்டும் பிரிவு, எனக்குத் தையல் லைன். இப்போது அவர் ஜோலார்பேட்டையில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. போன் நம்பர் மாறிவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூரில் வேலை செய்கிறவர்கள் பிரியாணியைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரம் தாண்ட மாட்டார்கள். அண்டாவின் அடியில் இருப்பதுதான் ருசி, மேலே இருப்பது வெறும் சோறு என்பது எங்கள் சூப்பர்வைசரின் கட்சி. அக்கா ஒரு வெள்ளிக்கிழமை ஒரே கடையில் அண்டாவைத் திறந்ததும் ஒரு பொட்டலம், காலியாகும் நேரத்தில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். என் துப்பட்டாவால் சூப்பர்வைசரின் கண்ணைக் கட்டி மாற்றி மாற்றி மூன்று வாய் ஊட்டினார். மூன்றும் தப்பு.

"கண்ணக் கட்டிட்டா ருசி எப்படிம்மா தெரியும்?" என்று அவர் சமாளித்தார்.

"அப்ப ருசி கண்ணுலயா சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அக்கா எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

இதே சூப்பர்வைசர்தான் நான் சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்குக் கை ராசி இல்லை என்றார். நான் தைத்த ஷூ மேல்பாகங்களில் நடுநடுவே ஒரு தையல் விட்டுப் போயிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் கழிவறைப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தேன். விஷயம் எப்படியோ அக்கா காதுக்குப் போக, அவர் வெட்டும் பிரிவிலிருந்து எழுந்து நேராக லைனுக்கு வந்தார். "சார், நீங்க நல்லா தைக்கிறவருன்னு சொல்றாங்க. அவ மெஷின்ல நீங்க பத்து ஜோடி தைங்க. வச்சுப் பாத்துடலாம்." லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தார். நாலாவது ஜோடியில் தையல் விட்டது, ஆறாவதில் இரண்டு இடத்தில் விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அந்த வேலைதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

அக்காவின் கல்யாணமே ஒரு சோதனையில் முடிந்ததுதான். அவருடைய அப்பா திருவிழாவுக்குத் திருவிழா பலூன் சுடும் கடை போடுகிறவர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பேச்சோடு பேச்சாக, எனக்கு எதற்கும் பயம் கிடையாது என்றாராம். அக்கா உள்ளே போய் ஒரு பலூனை நன்றாக ஊதிக்கொண்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கொண்டை ஊசியால் குத்தினார். மாப்பிள்ளை துள்ளியதில் அவர் கையிலிருந்த காப்பி, கூட வந்த அவர் அப்பாவின் வேட்டியில் கொட்டியது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, எனக்குப் பயம்தான்," என்றாராம். அக்கா உடனே சம்மதித்துவிட்டார். "பயப்படுறது இருக்கட்டும். ஒடனே ஒத்துக்கிட்டாரு பாரு," என்று என்னிடம் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சீதனமாகக் கட்டில், பீரோவோடு மூன்று காற்றுத் துப்பாக்கிகளும் வந்தன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஊரில் திருவிழா வந்தால் அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு பலூன் கடை போடுவார். அந்த மாப்பிள்ளை, எங்களுக்கு மாமா, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொடுப்பார். ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் குலுங்கும். ஆனாலும் ஒரு திருவிழாவுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை.

வினை வந்தது ஒரு டெம்போவிலிருந்து. சாமான் இறக்கும்போது ஒரு துப்பாக்கி கீழே விழுந்து, குழலின் வாய்ப்பக்கம் நசுங்கிவிட்டது. சுட்டால் குண்டு பலூனுக்குப் பதிலாகப் பந்தல் துணிக்குப் போயிற்று. நசுங்கின நுனியை வெட்டிவிடலாம் என்றார் அக்கா. தெருவே ஒரே குரலில் கூடாது என்றது. குழலுக்குப் பேரல் என்று பேர், பேரலை வெட்டினால் துப்பாக்கி செத்துப் போகும், நீளமாக இருந்தால்தான் குண்டு நேராகப் போகும், வேகமாகவும் போகும், பெரிய துப்பாக்கியெல்லாம் நீளமாக இருப்பது சும்மாவா என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அக்கா எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாசலில் கடை விரித்தார். கம்பெனியில் கழித்துப் போடுகிற துண்டுத் தோல்களைக் கேட்டு வாங்கி, ஒரே கனத்தில் இருப்பதாகப் பார்த்துப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டி வைத்திருந்தார். குண்டு எத்தனை தோலைத் துளைக்கிறதோ அதுதான் அதன் வேகம். குறி பார்க்க ஒரு பழைய காலண்டர். துப்பாக்கியை அரிசி மூட்டைமேல் அசையாமல் படுக்க வைத்துத்தான் சுட வேண்டும் என்றார். "கையில புடிச்சா நம்ம நடுக்கமும் சேந்துக்கும்டி. துப்பாக்கியோட நேர் வேற, நம்ம கண்ணோட நேர் வேற."

வெட்டாத துப்பாக்கியின் குழல் பதினெட்டு அங்குலம். ஐந்து தோல் துளைத்து ஆறாவதில் ஒரு பள்ளம் விழுந்தது. ஐந்து முறை சுட்டும் அதேதான். பிறகு நசுங்கின துப்பாக்கியில் இரண்டு அங்குலத்தை இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால் அறுத்தார். முதல் குண்டு எங்கே போனது என்று தேடினோம். கொடியில் காய்ந்த மாமாவின் லுங்கியில் ஓட்டை இருந்தது. தெருக்காரர்களுக்கு ஒரே குஷி. அக்கா அசரவில்லை. குழலின் வாயை விரலால் தடவிப் பார்த்தார், பிசிர் இருந்தது. லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் வாயைச் சமமாக்கிக்கொண்டு வந்து திரும்பச் சுட்டார். ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. நேர்மை நீளத்தில் இல்லை, வாயில்தான் இருக்கிறது என்று அக்கா காலண்டரைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார். தோலும் ஐந்துதான்.

ஞாயிற்றுக்கு ஞாயிறு இரண்டிரண்டு அங்குலமாகக் குறைந்தது. பதினாறு, பதினாலு, பன்னிரண்டு, பத்து. தோல் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. காசுக்குள் விழுந்ததும் மாறவில்லை. கையில் பிடித்துச் சுட்டால்தான் எங்களுக்குக் குட்டைத் துப்பாக்கியில் குறி தப்பியது. ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் தள்ளிப் பொருத்துகிற முன்பக்கக் குறிமுள் கண்ணுக்குக் கிட்டே வந்துவிடுவதால், கொஞ்சம் விலகிப் பிடித்தாலும் நமக்குத் தெரிவதில்லை. அது துப்பாக்கியின் குற்றம் இல்லை என்று அக்கா அதற்காகப் பரிந்து பேசினார்.

"எப்படிக்கா வேகம் குறையல?" என்று கேட்டேன்.

"சைக்கிளத் தள்ளி விடறவன் பத்தடியிலயே நின்னுட்டா, அப்பறம் அது தானாதான் ஓடணும். ரோடு நீளமா இருந்து இன்னா லாபம்? உள்ள இருக்குற காத்து மொதல்லயே தள்ளி முடிச்சிடுது. மிச்ச பேரல்ல குண்டு ஒரசிக்கினு போறதுதான். ஆனா ரொம்ப வெட்டினா, தள்ளி முடிக்கிறதுக்குள்ளயே குண்டு வெளிய வந்துடும். எங்கயோ ஒரு எடத்துல வேகம் கம்மியாவணும். எந்த எடம்னு தெரியணும்." அடுத்த ஞாயிறு எட்டு அங்குலம் என்று குழலில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனி பஸ்ஸில் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்களும் வருவார்கள். அந்த வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், பொழுது போகாமல், "எங்க எதுர்வூட்டு அக்கா ஞாயித்துக்கெழமையானா பேரல் வெட்டுறாங்க. பதினெட்டுல ஆரம்பிச்சு இப்ப பத்துக்கு வந்துட்டாங்க. தெருவே வேடிக்க பாக்குது," என்றேன்.

தோல் ஷாப்புக்காரர்களுக்குப் பேரல் என்றால் ஒன்றுதான். கெமிக்கல் வருகிற பெரிய பேரல். காலியானதும் வாங்கி வந்து பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொள்வார்கள். இரும்புப் பேரலாக இருந்து, உள்ளே மிச்சம் மீதி இருக்கும்போது நெருப்பு வைத்து வெட்டினால் வெடித்துவிடும். அந்தப் பெரியவரின் தம்பி அப்படித்தான் ஒரு கையை இழந்தவர். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. "புள்ளைங்க இருக்குற தெருவுலயாம்மா?" என்று கேட்டார். ஆமாம், பிள்ளைகள்தான் முன்வரிசை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் புகார் எழுதிப் போட்டார். குடியிருப்புப் பகுதியில் பதினெட்டு ரசாயனப் பேரல்கள், எட்டு வெட்டியாயிற்று, பத்து பாக்கி என்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆக்ஸா பிளேடைக் கோட்டின்மேல் வைத்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார், கூட ஒரு ஏட்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், குளியலறையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பேரலும் இல்லை.

"இங்க பேரல் வெட்டுறது யாரு?"

"நான்தான் சார்," என்றார் அக்கா.

"பாக்கி பத்து எங்கம்மா?"

அக்கா கையிலிருந்த துப்பாக்கியை நீட்டினார். "இதான் சார் பத்து."

ஏட்டு இரண்டடி பின்னால் போனார். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ரசாயனப் பேரல் இல்லை என்று தெரிந்ததும் போயிருப்பார்கள். ஆனால் குழல் வெட்டின துப்பாக்கியைக் கண்ணால் பார்த்துவிட்டார்களே. மூன்று துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு அக்காவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தோல் கட்டுகளையும் எடுத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டார். மாமாவும் நானும் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் போனோம். இன்னும் நாலு நாளில் மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகை, கடைக்கு இடம் பிடித்தாயிற்று. கேஸ் என்று எழுதிவிட்டால் துப்பாக்கிகள் கோர்ட்டுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பயம், போலீஸ் கேஸ் உள்ளவர்களை எங்கள் கம்பெனி வைத்துக்கொள்ளாது.

சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே. "அம்மா, வெட்டின துப்பாக்கிய எதுக்கு வச்சிருப்பாங்க? சட்டைக்குள்ள மறைக்கத்தான். வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானும் விட்டுடறேன்."

மாமா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன்.

"வாங்கும்போது பதினெட்டு சார்," என்றார் அக்கா. "நான்தான் நாலு தபா வெட்டினேன். எதுக்குன்னு காட்டுறேன். வாங்க, வச்சுப் பாத்துடலாம்."

போலீஸ் ஸ்டேஷனில் அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். சப் இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார், ஏட்டு கூரையைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குப் போனோம். மணல் மூட்டைமேல் முதலில் நீளத் துப்பாக்கி, பிறகு குட்டை. ஒவ்வொரு முறையும் அக்கா குண்டு போட்டுக் கொடுக்க, சப் இன்ஸ்பெக்டரே சுட்டார். நீளத்துக்கு ஐந்து தோல், குட்டைக்கும் ஐந்து தோல். அவர் திரும்ப எண்ணினார்.

"எங்க ரைபிள்ல நீளம் கூடினா வேகம் ஜாஸ்தின்னுதான் ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"அது வெடிமருந்து சார். எரிஞ்சு முடியற வரைக்கும் தள்ளும், அதுக்கு நீளம் வேணும். அதுக்கும் ஒரு அளவு இருக்கும். இது காத்து."

"அப்ப நீளமும் குட்டையும் ஒரே பலம்?"

"ஆமா சார்!" அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நீங்க இன்னா பண்ணியிருக்கீங்க தெரியுதாம்மா? பலம் கொஞ்சமும் குறையாம, மறைச்சு வைக்கிற மாதிரி ஒரு துப்பாக்கி செஞ்சிருக்கீங்க. இதத்தான் நான் மொதல்லருந்து சொல்றேன்."

அக்கா துளைத்த தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு சாக்கு சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன்.

"சரிதான் சார்," என்றார். "இது எனக்குத் தோணல."

மாமா அப்படியே மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தன் சோதனையாலேயே மாட்டிக்கொண்ட ஒரு பெண்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் நான்.

சப் இன்ஸ்பெக்டர் குட்டைத் துப்பாக்கியை உள்ளே எடுத்துப் போகுமுன், குண்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். இந்தத் துப்பாக்கியைக் குழலைப் பிடித்துக் கீழே மடக்கித்தான் திறக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே ஸ்பிரிங் ஏறும். குழல்தான் நெம்புகோல். அது நீளமாக இருந்தால் பிள்ளைகள்கூட மடக்கலாம். பத்து அங்குலத்தில் அது அசையவே இல்லை. அவர் தொடையில் வைத்து அழுத்தினார். முகம் சிவந்தது. ஏட்டிடம் கொடுத்தார். ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முக்கினார். பாராவில் நின்றவரும் வந்து ஒரு கை பார்த்தார். கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை அக்காவிடமே நீட்ட வேண்டியதாயிற்று. இருபது வருஷமாகத் தோல் வெட்டும் பிரஸ்ஸோடு மல்லுக்கட்டின கை. 'டக்' என்று மடக்கிக் காட்டினார்.

முதலில் ஏட்டுதான் சிரித்தார். "சார், இத எவனாவது மறைச்சு எடுத்துக்கினு போனான்னா, இந்தம்மாவையும் கூடவே தூக்கிக்கினு போணும்."

சப் இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். குட்டைத் துப்பாக்கி திருவிழாவுக்குப் போகக் கூடாது, வீட்டு பீரோவில் பூட்டி இருக்க வேண்டும், மற்ற இரண்டும் போகலாம் என்றார். ஒரு வெள்ளைத்தாளில் அக்கா சொல்வதாக எழுதி நீட்டினார். "புகாரில் கூறியபடி என் வீட்டில் பேரல் எதுவும் வெட்டவில்லை." கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அக்கா படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "வெட்டினேனே சார்."

"ஐயோ அம்மா!" என்றார் சப் இன்ஸ்பெக்டர். மாமா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். சப் இன்ஸ்பெக்டர் தாளைப் பிடுங்கி, பேரலுக்கு முன்னால் 'ரசாயன' என்று ஒரு வார்த்தையைச் செருகித் திருப்பி நீட்டினார். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "சார், எட்டு அங்குலம் மட்டும் ஒரே ஒரு தபா வெட்டிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"கெளம்புங்கம்மா."

மாமா துப்பாக்கிகளை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். நானும் அக்காவும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோர சீட்டில் அக்கா எட்டு அங்குலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்தப் புகார் என் வாயாலதான் போச்சு," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவருகிட்ட இன்னா சொன்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன்.

"துப்பாக்கின்ற வார்த்த?"

"சொல்லலக்கா. பேரல்னு மட்டும்தான்..."

"பாத்தியா," என்றார். "நான் வெட்டினது நேராப் போச்சு. நீ வெட்டினதுதான் கோணப் போச்சு."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "கோவமாக்கா?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் அதெல்லாம் இல்லடி என்று சொல்லி முடித்திருப்பார்கள். அக்கா ஒரு ஸ்டாப் முழுக்க யோசித்தார். உண்மையிலேயே உள்ளே தேடிப் பார்த்தார்.

"இருக்குதுடி," என்றார். "உங்க மாமா முகத்தப் பாத்தேன். கேஸாகி இருந்தா மனுஷன் தாங்கியிருக்க மாட்டாரு. ஜீப்பு வந்தப்பவே நீ சொல்லியிருக்கலாம்."

"எப்பக்கா போவும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாக்கலாம்."

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் எப்போதும் போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து இட்லி கொடுத்தார். நான் கேட்காமலே, "இன்னும் இருக்குது," என்றார். செவ்வாய்க்கிழமை, "கொஞ்சம் கம்மி," என்றார். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. திட்டியிருந்தால், பேசாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படி தினம் பார்த்துப் பார்த்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை, சாப்பாட்டு மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. நூறு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. வெட்டும் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் பாதி வெட்டின தோல். ஒரு கையை நெஞ்சில் வைத்து, நிச்சயம்தானா என்று கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்வது போல நின்றார். பிறகு அத்தனை சத்தத்துக்கும் மேலே கத்தினார்.

"ஏய், போய்ட்டுதுடி!"

எது போய்விட்டது என்று லைன் முழுக்கத் திரும்பிக் கேட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து கரெண்ட்டா, கரெண்ட்டா என்றார். நான் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.